கடைத்தெருவில் ஒரு கூண்டு

எனக்குப் பால் இல்லாத தேநீர் போதும், ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்றுக்குரியதை நான் குடிப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் நாங்களும் சாதுவாகத்தான் இருந்தோம். கோழிப் பண்ணைக் கம்பெனியின் வாசலில் நின்று, கோழிகளைக் கூண்டில் அடைக்காதீர்கள் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். வாங்கியவர்கள் அதிலேயே கை துடைத்துப் போட்டார்கள். தொண்டை வற்றக் கத்தியும் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. ஜனங்களுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை, யாராவது உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் கூண்டு. யோசனை என்னுடையது.

பட்டறையில் சொல்லிச் செய்தோம். முட்டைக் கோழிக்கு எவ்வளவு இடமோ, மனித உடம்புக்கு அதே கணக்கில். உள்ளே நிமிரவும் முடியாது, கை நீட்டவும் முடியாது. கடைத்தெருவில் வைத்து, எங்களில் ஒருவரை உள்ளே விட்டுப் பூட்டுவோம். எவ்வளவு கெஞ்சினாலும் பொழுது சாயும்வரை திறக்கக் கூடாது என்பது விதி. கோழி கெஞ்சினால் யார் திறக்கிறார்கள்? எல்லோரும் சம்மதித்தார்கள். என் தங்கையும் தலையாட்டினாள்.

அன்று அவள் முறை. வெயில் ஏறியதும் ஆரம்பித்தாள். “அண்ணா, முடியல. திறந்து விடுண்ணா.”

“இதைத்தான் அந்தக் கோழிகளும் சொல்லுது,” என்று மைக்கில் சொன்னேன். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழக்கடைக்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, அந்தப் பொண்ணு நடிக்கலப்பா. உதடெல்லாம் நீலம் பூத்துக் கிடக்கு.”

“கொஞ்சம் பொறுங்க. டிவிக்காரங்க வந்துட்டே இருக்காங்க,” என்றேன்.

அவர்கள் வந்து படம் பிடிக்கும்போது கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தளர்ந்துவிட்டன.

என் வாக்குமூலத்தில் நீங்கள் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். நான் எதையும் கவனிக்காமல் விட்டவன் இல்லை. அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் கெஞ்சியது நாடகம் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்தது. ஜனங்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அதனால்தான் அவளை உட்காரவைத்தேன். பூட்டுவதற்கு முன் இன்ஹேலரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். கோழிக்கு ஏது மருந்து?

அழுதேனா என்று கேட்டீர்கள். அழுதேன். எனக்கு ஒரே தங்கை. ஆனால் கம்பெனி கூண்டுகளை எடுத்துவிடுவதாக அறிவித்துவிட்டதே. எத்தனை உயிர்கள், யோசித்துப் பாருங்கள். அவள் இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பாள்.

நானே உள்ளே போயிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பட்டறையிலேயே உட்கார்ந்து பார்த்தேன், ஐயா. அடைசலான இடம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, நெஞ்சு படபடத்துவிடும். திறக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் நல்ல மனுஷர், உடனே திறந்துவிட்டார்.

இந்த அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்களேன்.