ஆளில்லாத விலாசம்

போர் முடிந்த அடுத்த வருடம், மட்டக்களப்பில் வந்தாறுமூலையிலிருந்து கல்லடிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இருவரும் சேர்ந்து இணையத்தில் சேலை விற்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“வீட்டில ஆளில்லாட்டி இன்னொருக்கா டெலிவரிக் காசு எண்டு போட்டிருந்தம்தானே. அதை அழிச்சிட்டன், அக்கா.”

“ஏன் புள்ள? எல்லாக் காசும் முதல் பக்கத்திலயே தெளிவா இருக்கோணும் எண்டு நீதானே ஒத்தக்காலில நிண்டாய்.”

“கனடாவில இருந்து ஒராள் தாய்க்குச் சேலை எடுத்தவர். கல்லடி கடற்கரை விலாசம். அந்த வரிய வாசிச்சிட்டு, ‘அங்க எப்பவும் ஆளிருக்காது, மொத்தம் எவ்வளவு வரும்?’ எண்டு கேட்டிருக்கிறார்.”

“ஆளில்லாத வீட்டுக்கு ஏன் சேலை?”

“வீடும் இல்ல. தாய் சுனாமியில போனவ. நாளைக்குத் திவசம். படைக்க இங்க அவருக்கு ஒருத்தரும் இல்லையாம். கிணத்துக்கட்டு மிச்சம் இருக்காம், அதில வைக்கட்டாம்.”

பஸ் பாலத்தில் ஏறியது. மூத்தவள் மற்றவளின் மடியிலிருந்த பார்சலைப் பார்த்தாள்.

“மொத்தம் எவ்வளவு எண்டு எழுதினாய்?”

“இன்னும் எழுதல்ல.”

பாலம் முடிந்ததும் மூத்தவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“வெறுஞ் சேலைய வைக்கக் கூடாது, புள்ள. இறங்கி வெத்திலையும் பழமும் வாங்குவம்.”