சந்தியோகுமையோரின் வாள்

எனது பெயர் அம்புறோஸ் ஜசிந்தா. வயது 46. விலாசம் மண்டைதீவு. எனது கணவர் அம்புறோஸ் கத்தோலிக்கக் கோயில்களில் உள்ள சுரூபங்களுக்கு நிறம் தீட்டுபவர். நான் அவருக்கு உதவி செய்கிறேன்.

நெடுந்தீவுக் கோயில் ஒன்றில் குதிரைமேல் இருக்கும் புனிதர் சந்தியோகுமையோர் சுரூபத்தின் மரவாளைக் கறையான் அரித்துவிட்டதால், அக்கோயில் மூப்பர் குருசுமுத்து சென்ற மாதம் அதை எங்களிடம் கொண்டுவந்தார். அதன்பின் எனது கணவர் அதே அளவில் பனைமரத்தின் வைரத்தில் புதுவாள் செதுக்கி, அலகுக்கு வெள்ளிப் பூச்சும் பிடிக்குப் பொன் பூச்சும் ஏழு தரம் பூசினார். அலகுக்குக் கூர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வெட்டுறவனுக்குத்தான் கூர் வேணும். இவர் பெரிய ஆள், தூக்கிப் பிடிச்சாலே காணும்" என்றார்.

அக்கோயில் பீடப்பலகையில் வரைந்துள்ள சேவகர்கள் எல்லோருக்கும் கூரான ஈட்டி. பொன்பிடி புனிதருக்கு மட்டும்தான். பழைய காலத்துச் சிற்பி ஆளின் தரத்தை ஆயுதத்திலேயே காட்டியிருக்கிறான், மகா கெட்டிக்காரன். எனது கணவரும் குறைந்தவர் அல்ல. சுரூபத்தின் கை மூடுகிற இடத்துக்கும் பொன் பூசினார். "அதை ஆர் பாக்கப் போயினம்?" என்று ஏசினேன். "அந்த இடத்திலதானே அவர் பிடிக்கிறவர்" என்றார்.

இன்று காலை ஒன்பது மணியளவில் நாங்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு வள்ளத்துக்குக் காத்து நின்றபோது, பொலிஸ்காரர் ஒருவர் கணவரின் கையிலிருந்த சாக்கை அவிழ்த்தார். வாளைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். எனக்குப் பயம்தான், ஆனால் பெருமையும் வந்தது, அதை மறைக்கவில்லை. அதன்பின் ஆயுதம் கொண்டுபோனதாகச் சொல்லிக் கணவரை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள்.

சுரண்டிப் பார்த்து மரம் என்றால் விடுவதாகப் பொறுப்பதிகாரியான தாங்கள் சொன்னீர்கள். கணவர் சம்மதிக்கவில்லை. "நாலு நாளில திருநாள். காயத்தோட வாள் போக ஏலாது. நான் உள்ளுக்கு இருக்கிறன், வாளைக் கொண்டு போம்" என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதன்பின் நானே வாளை வாங்கி, பிடியில் கை மூடுகிற இடத்தைக் காட்டி அங்கே சுரண்டச் சொன்னேன். கறுத்த பனைமரம் தெரிந்தது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களை விட்டால் பின்னேர வள்ளத்துக்குப் போய்ச் சேரலாம். அந்தக் காயத்தைப் புனிதர் தம் கையால் மூடிக்கொள்வார்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டாமலும் குறைக்காமலும் நான் சொன்ன உண்மை இதுவேயென ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. ஜசிந்தா
21.07.1984