பேரு இல்லாத புகார்

– பேரு இல்லாம நான் யாரு மேலம்மா கேஸ் எழுதுறது?

– ரைட்டர் சார், நான் ஒண்ணு சொல்றேன். முதல் நாள் வந்தோம், பாஸ்போர்ட் நகல் கேட்டீங்க. அடுத்த தடவை வந்தோம், போட்டோ கேட்டீங்க. இன்னிக்கு அவன் பேரக் கேக்கறீங்க. மூணையும் முதல் நாளே கேட்டுத் தொலைச்சிருந்தா என்ன சார்?

– அது இருக்கட்டும். உன் வீட்டுக்காரரு வெல்டர்ங்கற. வெளிநாட்டுல வேலைன்னு சொல்லி இவரு பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போனவன் பேரு என்ன? நீயே சொல்லுப்பா.

– சார்னுதான் கூப்பிடுவோம், சார்.

– சாருக்கு அப்பா அம்மா வச்ச பேரு?

– கேக்கத் தோணல சார். வேலை குடுக்கறவர்கிட்ட போய் உன் பேரென்னன்னு எப்படிக் கேக்கறது?

– தம்பி கல்யாணப் பத்திரிகைல தன் பேரு விட்டுப்போச்சுன்னு ஒரு வருஷம் பேசாம இருந்த மனுஷன் சார் இவரு. இங்க மட்டும் பேரு கேக்கக் கூச்சம்.

– நீ கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இரு.

– மூடிக்கிட்டு இருந்துதானே இவ்வளவு தூரம் வந்து நிக்கறோம்.

– வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கோங்க. ஆபீஸ் எங்க?

– மார்க்கெட்டுக்குப் பின்னாடி, மாடியில. சும்மா சொல்லக்கூடாது சார், நல்ல ஆபீஸ். ஏசி, கண்ணாடிக் கதவு, சுவத்துல பெரிய கப்பல் படம். திங்கக்கிழமை போய்ப் பார்த்தேன், அங்க இப்ப சலவைக்கடை நடக்குது.

– கேட்டியா அந்தக் கடைக்காரன்கிட்ட?

– அவருக்கு ஒண்ணும் தெரியல சார். கப்பல் படம் மட்டும் அப்படியே மாட்டியிருக்காரு.

– போன்?

– முதல்ல பிசின்னுச்சு. அப்புறம் அணைச்சு வச்சிருக்குன்னுச்சு. இப்ப அந்த நம்பரே உபயோகத்துல இல்லைங்குது.

– ரசீது?

– என் வளையல வித்து அவனுக்குக் கட்டின பணத்துக்கு என்னத்த ரசீது இருக்கு? அது போகட்டும் சார், போனது போச்சு. எனக்கு அந்தப் பாஸ்போர்ட் வேணும். இவரோட பழைய மேஸ்திரி கூப்பிட்டிருக்காரு, நிஜமான வேலை. இந்த மாசக் கடைசிக்குள்ள பாஸ்போர்ட்டோட வந்து நில்லுங்கறாரு. பாஸ்போர்ட் ஆபீஸ்ல புதுசு கேட்டா, ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வரச் சொல்றாங்க.

– இதுக்கா இந்தப் பாடு? தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு. அஞ்சு நிமிஷ வேலை. கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்.

– அப்படியே எழுதிடலாம் சார்.

– எழுதாதீங்க. தொலைஞ்சா போச்சு? கையில கொண்டுபோய்க் கொடுத்திருக்கீங்க. நாளைக்கு அவன் அதுல எவன் மூஞ்சியவாவது ஒட்டி அனுப்பினா, மாட்டப்போறது யாரு?

– அந்தம்மா சொல்றதும் சரிதான். ஆனா பேரு வேணுமே. உன்கூட எத்தனை பேரு ஏமாந்தீங்க?

– முப்பத்து மூணு பேரு.

– ஒருத்தனுக்குக்கூட அவன் பேரு தெரியாது?

– எல்லாரும் சார்னுதான்...

– சுத்தம். வெல்டிங் தெரியுமான்னாவது சோதிச்சானா, இல்ல ஆளப் பார்த்தே எடுத்துட்டானா?

– டெஸ்ட் வச்சாங்க சார். சும்மா சொல்லக்கூடாது, கடுமையான டெஸ்ட். பதினோரு நாள்.

– எந்த ஊர்ல சார் பரீட்சை பதினோரு நாள் நடக்கும்? கண்ணு ரெண்டும் சிவந்து வீட்டுக்கு வருவாரு. பாஸாயிட்டீங்களான்னு கேட்டா, நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்கன்னு சிரிப்பாரு.

– என்னய்யா அடிக்கச் சொன்னான்?

– அளவு எழுதிக் கொடுப்பாங்க. மாடிப்படிக் கைப்பிடி, ஜன்னல் கம்பி, கேட்டு. கடைசி ரெண்டு நாள் கம்பிக் கதவு.

– அதையெல்லாம் என்ன செஞ்சான்?

– வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் பார்ப்பாங்கன்னு லாரியில ஏத்துனாங்க. நாங்கதான் ஏத்திவிட்டோம்.

– ஆமா, அங்க ஒருத்தன் ஜன்னல் இல்லாம உக்காந்திருக்கான், இவரு கம்பிக்காக.

– யோவ், முப்பத்து மூணு பேரையும் கூலி இல்லாம வேலை வாங்கி வித்துட்டுப் போயிருக்கான்யா.

– தெரியுது சார். இப்பத் தெரியுது. பதினெட்டு வருஷமா வெல்டிங் அடிக்கிறேன். சீக்கிரம் முடின்னு சொல்லுவாங்க, குச்சிய வீணாக்காதன்னு சொல்லுவாங்க. நல்லா இருக்குன்னு ஒருத்தன் சொன்னதில்ல. அவன் ஒவ்வொரு கதவா தடவிப் பார்த்து, இந்த மாதிரி கை நான் பார்த்ததே இல்லன்னான். அங்கதான் சார் விழுந்தேன். எனக்கே என்னை நினைச்சா அசிங்கமா இருக்கு.

– இத எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே.

– இத எப்படிச் சொல்றது?

– சரி சரி. இங்க உக்காந்து அழுதா எனக்கு வேலை ஓடாது. இன்ஸ்பெக்டர் வர்ற நேரம். தொலைஞ்சதுன்னா இப்பவே எழுது. கேஸ்னா அவன் பேரோட வா.

– வாங்க, போலாம். இவங்ககிட்ட முட்டிக்கிட்டா நம்ம மண்டைதான் உடையும்... உங்களத்தான். அந்த லாக்கப் பக்கம் என்ன பண்றீங்க?

– யோவ், கதவுல கை வைக்காத. புதுசு, போன வாரம்தான் மாட்டினது.

– மாட்டினது யாரு சார்?

– காண்ட்ராக்டரு. உனக்கு எதுக்கு?

– நான் இடது கைக்காரன் சார். மத்தவங்க அடிச்சா வெல்டிங் தழும்போட செதில் ஒரு பக்கம் பார்க்கும், நான் அடிச்சா எதிர்ப்பக்கம். அந்த முப்பத்து மூணு பேர்ல இடது கை நான் ஒருத்தன்தான். இந்தக் கீல் கிட்ட பாருங்க, தழும்பு ரெண்டு அடுக்கா இருக்கும். அடிக்கும்போது கரண்டு போயிடுச்சு, வந்தப்புறம் மேல இன்னொண்ணு ஓட்டினேன்.

– ஏங்க, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.

– என் கை எனக்குத் தெரியாதா?

– காண்ட்ராக்டரு பெரிய இடம்யா. யோசிச்சுப் பேசு.

– ரைட்டர் சார், நான் ஒண்ணு சொல்றேன். பேனாவ எடுங்க. கதவுக்குப் பில்லு வாங்கியிருப்பீங்கல்ல, அவன் பேர நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கறோம்.