கோமியத்துக்குக் காத்திருந்த செம்பு

மத்திகிரி மாதர் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் பஞ்சாயத்துத் தலைவர் நாராயணப்பன் அவர்களே, மாட்டுப் பண்ணை டாக்டர் சென்னகிருஷ்ணன் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தூங்குவதற்கென்றே வந்திருக்கும் தந்தைமார்களே, வணக்கம்!

அபினியின் தீமையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேசினால் சிறுநீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். நான் படித்த கான்வென்ட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் மதர் முட்டி போட வைப்பார். இன்று ஒலிபெருக்கியில் சொல்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

சென்ற தை மாதம் என் வீட்டுக் கிரகப்பிரவேசம். மேளம் உண்டு, மாவிலை உண்டு, மைசூர் மல்லிகை உண்டு. கூடத்தின் நடுவே பசு. அது கோமியம் விட்டால் வீட்டுக்கு மங்கலம். வால் பக்கம் பித்தளைச் செம்போடு புரோகிதர். நின்றார், குனிந்தார், கெஞ்சினார். பசு அசைந்ததா? இல்லை. அருள் புரிந்ததா? இல்லை. வாளியில் தண்ணீர் ஊற்றி ஓசை காட்டினார்கள். விருந்தாளிகளில் இருவர் எழுந்து போனார்கள், பசு போகவில்லை!

டாக்டர் வந்தார். "இதுக்கு என்ன குடுத்தீங்க?" என்றார்.

மாடு பார்க்கும் திம்மப்பன் தலையைச் சொறிந்தான். "நேத்து தண்ணியா கழிஞ்சுதுங்க சாமி. புது வீட்டுல அசிங்கம் ஆவக் கூடாதுன்னு, வெல்லத்துல வெச்சு அபினி குடுத்தேன்."

டாக்டர் விளக்கினார். மூளைக்கு அடியில் சுண்டைக்காய் அளவு ஒரு சுரப்பி இருக்கிறதாம். அபினி உள்ளே போனால் அது ஒரு ஹார்மோனைச் சுரந்து, 'தண்ணீரை வெளியே விடாதே' என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுமாம். மீறி இறங்கியதையும் விடாமல் நீர்ப்பையின் வாசல் இறுகிக்கொள்ளுமாம். "மனுஷனுக்கும் இதே கதிதான்" என்றார்.

திம்மப்பன் முகம் வெளுத்தது. அவன் மனைவி கெம்பம்மா பாய்ந்து வந்தாள்.

"யோவ், முட்டி வலின்னு நீயும் அதைத்தானே முழுங்குனே? நேத்துலேர்ந்து ஒதுங்கவே போவலியே! வயிறு பானையாட்டம் நிக்குது!"

"சும்மா இருடி, பெரியவங்க முன்னால..."

"உன் உசுரு போனா பெரியவங்களா வந்து தாலியறுப்பாங்க?"

அவனைப் பண்ணை ஜீப்பில் ஏற்றி ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குழாய் வைத்து நீரை இறக்கினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்கும் என்றார்கள்.

என்ன கங்கப்பா, பின்வரிசையிலிருந்து கேட்கிறாய்? பசுவா? பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு, தலைவர் அவர்களின் புதுச் செருப்பின் மேல் தாராளமாக மங்கலம் செய்தது. மன்னியுங்கள் தலைவரே; சபை கேட்கிறது, சொல்லாமல் முடியுமா?

தாய்மார்களே! வாயில்லாத பசு நீர் விடவில்லை என்று ஊரே கூடிக் கவலைப்பட்டது. வாயுள்ள மனிதனோ அதன் பக்கத்திலேயே, வாயை மூடிக்கொண்டு செத்துக்கொண்டிருந்தான். எதற்காக? வெட்கத்துக்காக! வலியா? டாக்டரிடம் போங்கள். மாநில எல்லை தாண்டி, இடுப்பு மடிப்பில் ஒளிந்து வருகிற அபினி உருண்டையிடம் போகாதீர்கள். உடம்பில் எது நின்றுபோனாலும் வாய் திறந்து சொல்லுங்கள். மாமியாரிடம் சொல்ல வெட்கமா? என்னிடம் சொல்லுங்கள். நான் இன்றோடு வெட்கப்பட்டு முடித்துவிட்டேன்!

அதோ, முன்வரிசையிலிருந்து திம்மப்பன் எழுந்து, தலை குனிந்து, வேலியோரம் போகிறான். ஏன் குனிகிறாய், திம்மப்பா? நிமிர்ந்து போ! சபையோரே, அவன் திரும்பி வரும்போது நீங்கள் தட்டப் போகும் கைத்தட்டலையே என் பேச்சுக்குக் கிடைத்த மாலையாக ஏற்று, நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!