ஓரத்துல நின்னவா

ஒரு விடுகதை போடறேன் கோபாலன், விடை சொல்லிட்டு லென்ஸை எடுத்துண்டு போங்கோ. ஒரே ஹால், ஒரே போட்டோ. நடுவுல உக்காந்தவன் ஒல்லி, ஓரத்துல நின்னவா குண்டு. யார் பண்ணின வேலை?

லென்ஸா? நானும் அப்படித்தான் சொன்னேன். அதுல வந்ததுதான் வம்பு.

உக்காருங்கோ, காபி வரும்... நீங்க படம் எடுக்கப்போற துவாரகா ஃப்ளாட் கிரகப்பிரவேசம் எங்கேயும் ஓடிப்போகாது. டெல்லியில எங்க லோதி ரோடு குவார்ட்டர்ஸ் ஹாலைத்தான் பாக்கறேளே. சாதா லென்ஸ்ல நாலு பேரை அடக்கணும்னா எடுக்கறவன் சுவத்துக்குள்ள போகணும். எங்க பொண்ணு ஸ்ம்ருதிக்கு மூணாங்கிளாஸ்ல ‘என் குடும்பம்’னு சார்ட்ல போட்டோ ஒட்டணுமாம். ஸ்டூடியோவுக்குப் போலாமேன்னு சொன்னா என் ஆம்படையா வத்சலா. நான் கேப்பேனா? கிட்டக்க நின்னாலும் மொத்த ஹாலையும் அடக்கற வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கிண்டு வந்துட்டேன். கேமராவை ஸ்டாண்டுல வெச்சு, டைமரைத் தட்டிட்டு ஓடி வந்து உக்காந்தேன். ஒரு ஓரத்துல வத்சலா. இன்னொரு ஓரத்துல எங்களோடவே இருக்கற மச்சினன் சுந்தரேஷ். நடுவுல நானும் குழந்தையும்.

பிரிண்ட் வந்துது. வத்சலா தோள்ல ரெண்டு வத்சலா உக்காரலாம். சுந்தரேஷ் தலை, படுக்க வெச்ச பூசணிக்காய். நான் மட்டும் கல்யாண மாப்பிள்ளை... என் வயத்தைப் பாக்காதீங்கோ, போட்டோவைச் சொல்றேன்.

“இது வாசப்படி தாண்டக்கூடாது”ன்னுட்டா வத்சலா. அன்னிக்கு எனக்கு மட்டும் ஆறின ரசம்.

வாயை மூடிண்டிருக்கலாம். பேப்பர்ல படம் போட்டு விளக்கினேன். “நடுவுல வெச்ச பந்து பந்தாவே இருக்கும் வத்சலா, ஓரத்துக்குத் தள்ளினா முட்டையா இழுபடும். உன் உடம்பு இல்லை, லென்ஸோட குணம். வாங்கின அன்னிக்கே கூட வந்த புஸ்தகத்துல படிச்சேனே.”

சுந்தரேஷ்தான் கேட்டான். “அச்சா... அப்போ தெரிஞ்சேதான் நடுவுல போய் உக்காந்தேளா, அத்திம்பேர்?”

பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் கேமராவை எடுத்தேன்.

மறுபடி எடுத்தோம். பூசணித் தலை இன்னொரு தரம் வேண்டாம்னு சுந்தரேஷே பட்டனை அமுக்கினான். வத்சலாவும் குழந்தையும் நடுவுல, ஓரத்துல நான். அவா ரெண்டு பேரும் லட்சணமா இருந்தா. நான் கதவையே அடைச்சுண்டு நின்னேன்.

“குழந்தை எதை எடுக்கறாளோ அது ஸ்கூலுக்குப் போகட்டும்”னா வத்சலா. ரெண்டையும் மேஜையில வெச்சேன். “நாம நிஜத்துல எப்படி இருக்கோமோ, அதை எடுத்துக்கோடி”ன்னேன். முதல் படத்தைக் கொஞ்சம் அவ பக்கமா நகர்த்தினேன்னு வெச்சுக்கோங்கோ...

ஸ்ம்ருதி ரெண்டு படத்தையும் பாத்தா. என் வயத்தைப் பாத்தா. ரெண்டாவதை எடுத்துப் பையில வெச்சுண்டா.