ஈசான மூலையில் வைத்த அடுப்பு

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எழுதினால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது வந்து கேட்பார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பிள்ளையார் துணை. எழுதுகிறேன்.

ஓடுகிறேன். மாசி மாதம். வெள்ளிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம். இடுப்பில் கைக்குழந்தை. ஆமி முகாம் இருக்கிற தீவுப் பக்கம் 'தும்' என்று ஒரு சத்தம். பிறகு ஷெல்லின் கூவல். பிறகு நிலம் அதிர்கிறது.

"படுங்கோ! படுங்கோ!"

வயல் வரம்போடு படுக்கிறேன். தலையைத் தூக்கினால் நெல் களஞ்சியத்துக்குக் கூரை இல்லை. என் வீட்டுக்காரர் கந்தசாமி அதற்குள் இருந்தார்.

அது ஊர் சேர்ந்து கட்டிய களஞ்சியம். பாப்பாமோட்டைப் பக்கத்து நெல் அங்கேதான் கிடக்கும். துவக்கோடு வந்தவர்கள் நெல்லை வெளியே எடுத்தார்கள். ஆயுதப் பெட்டிகளை உள்ளே வைத்தார்கள். களஞ்சிய நிலத்தில் ஆழமாகக் கிடங்கு வெட்ட ஊர் ஆண்களைக் கூப்பிட்டார்கள். போய் வந்த அன்று இவர் சாப்பிடவில்லை. கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

"சாமி மூலையைக் கிண்ட வைச்சிட்டாங்கள், மங்கை."

வடகிழக்கு. ஈசான மூலை. முதல் நெல்லும் விளக்கும் வைக்கிற இடம்.

அவரைச் சுடலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. பனையடியில் புதைத்துவிட்டு ஓடினோம். பிறகு ஊரை ஆமி பிடித்தது. அவர்களும் அதே கட்டிடத்தில்தான் ஆயுதம் வைத்தார்களாம்.

சண்டை முடிந்து, முகாமில் இருந்து திரும்பி வந்தோம். களஞ்சியத்துக்கு மஞ்சள் பெயின்ற். புதுக் கூரை. நிலத்துக்குப் புதுச் சீமெந்து. 'சனசமூக நிலையம்' என்று பலகை. பாலர் வகுப்பும் அங்கேதான் என்றார்கள். முன்னம் என்னவாக இருந்தது என்று பலகையில் ஒரு வரியும் இல்லை.

சீமெந்து போட்டவர் எங்கள் ஊர் மேசன் தர்மு.

"தம்பி, கீழ கிண்டிப் பாத்தனீங்களோ?"

"போடச் சொன்னவை. போட்டனான்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. நிலையத் தலைவர் நடராசாவிடம் போனேன். "எல்லாம் கிளியர், அக்கா. கண்ணிவெடிக்காரர் பாத்திட்டினம்," என்றார். வெளியே பார்த்தார்கள். உள்ளே பார்த்தார்களா? கேட்க வாய் வரவில்லை. யார் யாரிடம் சொல்வார்கள் என்று தெரியாத காலம். ஆமி எடுத்திருக்கும் என்று மனதைத் தேற்றினேன். மனம் தேறவில்லை.

நிலையம் திறக்கப் பால் காய்ச்சும் நாள். அதுவும் வெள்ளி. ஈசான மூலையில் மூன்று கல் வைக்கிறார்கள். பனம் மட்டை எரிகிறது. பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். அன்று இடுப்பில் இருந்த என் மகனும். தர்மு வாசலுக்கு வெளியே சைக்கிளோடு நிற்கிறார். தன் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். அதைக் கண்டேன்.

"அடுப்பை நூருங்கோ! பிள்ளையளை வெளிய எடுங்கோ!" நெருப்பை அணைக்கச் சொல்லிக் கத்தினேன்.

"பால் பொங்க முதல் அக்காவுக்குக் கலை வந்திட்டுது," என்றது ஒரு குரல். நான் சாமியாடுகிறேன் என்று சிரித்தார்கள்.

பானையைத் தூக்கினேன். கை வெந்தது. பாலை நெருப்பில் ஊற்றினேன். 'சுர்' என்று ஒரு சத்தம். நல்ல காரியத்தில் பாலைக் கவிழ்த்தவள் நான். பிள்ளையார் பொறுக்க வேண்டும்.

"கீழ பெட்டி கிடக்கு! இவர் வெட்டின கிடங்கு!"

சிரிப்பு நின்றது.

கண்ணிவெடி எடுப்பவர்கள் வந்தார்கள். கருவி கீச்சிட்டது. நிறுத்தாமல் கீச்சிட்டது. சீமெந்தை உடைத்தார்கள். பெட்டிகள். எண்ணெய்த் துணி சுற்றிய ஷெல்கள். பிறகு அரசாங்கக் கந்தோருக்கு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பல தரம். உனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தரமும் அதே கேள்வி.

இழந்தவை. என் வீட்டுக்காரர். அவரோடு உள்ளே இருந்த இருவர். ஒரு வீடு. ஒரு சோடி உழவு மாடு. ஊரின் அந்த வருட நெல். ஒரு பானைப் பால். பிள்ளைகளில் ஒருவரும் இல்லை.

இதைப் பிறருக்குச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். தர்மு தெரிந்துதான் சீமெந்து போட்டார் என்று கூட்ட வேண்டாம். தெரியாமல் போட்டார் என்றும் கூட்ட வேண்டாம். மகளை வெளியே வைத்திருந்தார். நான் கண்டது அவ்வளவுதான்.