கேட்டார்: ஆம்

இணையத்தில் வகுப்பெடுக்கிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல நாற்காலி. யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. முதுகு பிடித்துக்கொண்ட பிறகு நானாகப் புரிந்துகொண்டு, அலுவலகம் வாங்கித் தராது என்பதும் தெரிந்து, கைக்காசைப் போட்டு ஒன்று வாங்கினேன். நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது. பரவாயில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்துகொள்கிறேன்.

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பிரிவு என்னுடையது. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், நான் ஒருவன்தான். எங்கள் மெக்கானிக்குகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பவர்கள், ஓர் அறையில் கூட்ட முடியாது. அதனால் வாரம் ஒரு வெபினார். அவர்கள் அதைக் கிளாஸ் என்பார்கள். கிளாஸ் முடிந்ததும் மென்பொருள் ஒரு ரிப்போர்ட் கொடுக்கும். யார் வந்தார், எப்போது நழுவினார், எவ்வளவு நேரம் திரையைத் திறந்து வைத்திருந்தார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரா, கேள்வி கேட்டாரா என்றெல்லாம் பார்த்துக் கவனத்துக்கு ஒரு மதிப்பெண் போடும். அதைச் சீவிச் சிங்காரித்து மேலே அனுப்புவது என் வேலை.

மேலே என்றால் எங்கள் மேனேஜர். ஒருமுறை அவரிடம் போய், இவர்கள் யாரும் கேட்பதில்லை சார் என்று முறையிட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எவன் கேட்டா நமக்கென்ன சார்? ரிப்போர்ட்ல கேட்ட மாதிரி இருந்தா போதும். கஸ்டமருக்குக் காட்டணும், அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. இதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஆண்டுக்கணக்காக ஒரு சுவரைப் பார்த்துப் பேசுகிறவனுக்கு வரும் கோபம் அது. ஒருவர் போனை ஜன்னலில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போவார். ஒருவர் பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்குவார், அதுவும் வீடியோவை அணைக்காமல். இன்னொருவர் மைக்கை அணைக்க மறந்து மனைவியிடம், "இந்தாளு இன்னும் அரை மணி நேரம் அறுப்பான், அதுக்குள்ள கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. அன்று அவருடைய கவனம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நானே கைப்பட அதை மேலே அனுப்பினேன்.

என் தங்கை கணவரும் எங்களிடம் மெக்கானிக். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நல்ல கைக்காரர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டில் மாப்பிள்ளை, மச்சான் என்று பேசிக்கொள்வோம். அலுவலக விஷயம் என்றால் அவரும் மற்றவர்களைப் போல என்னை சார் என்றுதான் அழைப்பார், அந்த நாகரிகம் தெரிந்தவர். ஒருநாள் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "பாப்பா தூங்கலன்னு வைங்க, மச்சான் கிளாஸப் போட்டு விட்டுருவேன். அஞ்சே நிமிஷம், ஆள் அவுட்." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அன்று யார் யார் எந்த வரிசையில் சிரித்தார்கள் என்று இப்போதும் சொல்ல முடியும், அது வேறு விஷயம்.

சரி, அந்தக் கிளாஸுக்கு வருகிறேன்.

புதிய மாதிரி லிஃப்ட் ஒன்றைப் பற்றித் தயாரிப்பாளர்களிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்திருந்தது. கரண்ட் போனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் தவிக்கக் கூடாது என்று அந்த மாதிரியில் ஒரு பேட்டரி உண்டு. மெயின் சுவிட்ச் அணைந்த ஓரிரு நிமிடங்களில் அது விழித்துக்கொண்டு லிஃப்ட்டைப் பக்கத்து மாடிக்கு நகர்த்திவிடும். பழைய லிஃப்ட்டில் மெயினை அணைத்துவிட்டால், லிஃப்ட் ஓடும் பாதைக்கு அடியில் இருக்கும் குழிக்குள் தைரியமாக இறங்கலாம். இதில் அப்படி இறங்கினால் லிஃப்ட் தலைமேல் வரும். குழியில் லிஃப்ட்டை நிறுத்துவதற்கென்று இருக்கும் சிவப்புப் பொத்தானுக்குக்கூட அந்தப் பேட்டரி அடங்காது, அதைச் சரிசெய்து தரும் வரை பேட்டரி சுவிட்சை முதலில் அணையுங்கள், பிறகு மெயினை அணையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர், "கிளாஸ்ல சொல்லிடுங்க" என்று எனக்குத் தள்ளிவிட்டார்.

அந்த அறிவிப்பை எல்லோருக்கும் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பியிருக்கலாம். படித்துவிட்டுப் போய்விடுவார்கள், கிளாஸைக் கேட்க மாட்டார்கள். அதே காரணத்துக்காக நான் படங்களில் எழுத்தும் போடுவதில்லை. பேட்டரிப் பெட்டியின் படம் மட்டும் திரையில் இருக்கும், விஷயம் என் வாயில் இருக்கும்.

அன்று பாதிக் கிளாஸில் பக்கத்து அறையில் யாரோ சுவரில் துளை போட ஆரம்பித்தார்கள். காது கிழிந்தது. மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். சத்தம் நின்றதும் பேட்டரிப் பெட்டியின் படத்தைப் போட்டு, பேச ஆரம்பித்தேன். நன்றாகப் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக ஒன்றை நான் விளக்கியதில்லை என்றுகூடச் சொல்வேன். முடித்துவிட்டுப் பார்த்தால் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு. போட மறந்திருக்கிறேன். அவ்வளவு நேரமும் வாயை மட்டும் அசைத்திருக்கிறேன்.

உடனே மைக்கைப் போட்டேன். மன்னிக்கவும், மறுபடி சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வெளியே வந்தது வேறு.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

கட்டைவிரல்கள் வந்து கொட்டின. ஒன்றன்மேல் ஒன்றாக, திரை நிறைய. ஒருவர், "அருமையான விளக்கம் சார்" என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊமையாக உட்கார்ந்திருந்தவனுக்கு அருமையான விளக்கம் என்று பட்டம். இத்தனை காலமும் எனக்குள் சந்தேகமாக இருந்தது இப்போது கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டது. நன்றி சொல்லி கிளாஸை மூடினேன்.

ரிப்போர்ட் எடுக்கும்போதுதான் பார்த்தேன், ஒரே ஒருவர் கட்டைவிரலைக் காட்டவில்லை. கேள்விப் பெட்டியில் எழுதியிருந்தார்: "சார், சத்தம் வரல. பேட்டரி விஷயத்தைத் திரும்பச் சொல்லுங்க." என் தங்கை கணவர்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊரே கேட்காதபோது, கிண்டல் செய்த மனிதர் ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார் என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இருக்கட்டும், எத்தனை பேர் வந்து கேட்கிறார்கள் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். கேட்க வருகிறவர்களுக்குச் சொல்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. யாரும் வரவில்லை.

ரிப்போர்ட்டை மேலே அனுப்பினேன். எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்திருந்ததால் தலைப்புகளை நானேதான் தமிழில் போட்டிருந்தேன். கடைசிக் கட்டம் குறுகல். 'கேள்வி கேட்டாரா' என்று எழுத இடமில்லாமல் 'கேட்டார்' என்று சுருக்கியிருந்தேன். தங்கை கணவர் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று விழுந்திருந்தது. நான் எதையும் திருத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவர்தான் வந்து சரிசெய்து கொடுத்தார். திருகிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"மச்சான், அன்னிக்குக் கிளாஸ்ல ஏதோ பேட்டரின்னு... என் போன்லதான் கோளாறோ என்னமோ..."

"லீவு நாள்லயும் வேலைப் பேச்சா மாப்ள? விடுங்க. கையக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அவர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார். நீங்கள் இதைப் பெரிதாக்குவீர்கள் என்று தெரியும். குழாயைப் பார்த்துக்கொண்டு, போகிற போக்கில் ஒன்றைச் சொன்னால் அது கேட்பதாகுமா?

அடுத்த வாரம் அவர் அந்தப் புதிய மாதிரி லிஃப்ட்டின் குழிக்குள் இறங்கினார். மெயினை அணைத்துவிட்டுத்தான் இறங்கினார், அதில் எந்தக் குறையும் இல்லை. நான் சொன்ன அந்த ஓரிரு நிமிடங்கள் கழித்து பேட்டரி தன் வேலையைச் செய்தது. உடலை நான்தான் போய் அடையாளம் காட்டினேன். கால் செருப்பை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

கம்பெனி விசாரணையில் என் ரிப்போர்ட்டை மேஜைமேல் விரித்து வைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி விரலை ஓட்டிக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் நிறுத்தினார்.

"கேட்டார், ஆம். அப்ப இந்த விஷயத்தை அவர் கேட்டிருக்கார். அப்படித்தானே?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "ரிப்போர்ட்ல அப்படித்தான் சார் இருக்கு."

அது பொய்யா? நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்டார், ஆம். கேள்வி கேட்டாலும் கேட்டார்தான், காதில் விழுந்தாலும் கேட்டார்தான். அந்தச் சொல்லை நான் உண்டாக்கவில்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டுத் தண்ணீர் குடித்தார். சொல்லியும் செய்யாத ஊழியரின் அலட்சியம் என்று எழுதி முடித்தார்கள்.

தங்கைக்கும் அதையே சொன்னார்கள். அவள் அழுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். "நீ படிச்சுப் படிச்சு சொன்னியாமே அண்ணா. என்னிக்காவது சொன்னதக் கேட்டிருக்காரா அந்த மனுஷன்? எங்களப் பத்தி நெனச்சாரா?" என்று பற்களைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தைக் கழற்றி அலமாரியில் துணிக்கு அடியில் போட்டாள். பாப்பா அப்பாவைக் கேட்டால், "சொன்ன பேச்சு கேக்கலல்ல, அதான் போய்ட்டார்" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். விடும்மா என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு நடந்த கிளாஸில் அவர் கதையைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தேன். கேட்டும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று. ஒருவர் நகரவில்லை. ஒருவர் குளிக்கப் போகவில்லை. பேட்டரி விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். அப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. மேனேஜர் கைகுலுக்கினார்.

அப்புறம் தங்கை வந்தாள். பாப்பாவின் படங்களை எடுக்க அவர் போனைத் திறந்திருக்கிறாள். அதில் அன்றைய கிளாஸின் திரையை அவர் படமாக எடுத்து வைத்திருந்தார். பேட்டரிப் பெட்டி, வாயைத் திறந்தபடி நான், கீழே அவர் எழுதிய வரி. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீ இதப் பாத்தியா அண்ணா? அவர் சாகறதுக்கு முன்னாடி பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் நம்பவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். என்னை இனி அண்ணா என்று கூப்பிட மாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பாள், ஆறிவிடும்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த விஷயம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அன்று எந்தக் கட்டடத்துக்குப் போகிறார் என்பதும் தெரியும், வேலைப் பங்கீடு காலையிலேயே எனக்கும் வந்துவிடும். லிஃப்ட்டைத் திறந்து வைத்துவிட்டு அங்கிருந்தே அவர் எனக்குப் போன் செய்தார். ஒருமுறை அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. நான் அந்த மாதத்து ரிப்போர்ட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன், அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அதற்குக் கீழே இதையும் சேர்த்து எழுத வேண்டும். என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று என் தங்கை நினைக்கக் கூடாது. அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் சொல்லியிருப்பேன்.